தலையிடி பார்

கடைக்கு நம்பர் உண்டு, போர்டில் இருக்கிறது.
யாரும் அதைச் சொல்வதில்லை.
ராணிப்பேட்டை முத்துக்கடையில் இறங்கி
தலையிடி பார் எங்கே என்று கேட்டால்
பூ விற்கிறவள்கூடக் கை காட்டுவாள்,
முகத்தைச் சுளித்துக்கொண்டேதான்.

வாசலில் தாழ்வாக ஒரு இரும்புக் கம்பி.
புதிதாக வருகிறவன் நெற்றியில் வாங்குவான்.
உள்ளேயிருந்து நாலைந்து பேர்
'குனிப்பா' என்போம், இடித்த பிறகு.
முன்னாலேயே சொல்லும் வழக்கமில்லை.

நல்லதாகச் சொல்ல இன்னா கீது இங்கே?
மேசை ஆடும்.
காலுக்கடியில் சிகரெட் அட்டையை மடித்துச் சொருகியும் ஆடும்.
தண்ணீர்ப் பாக்கெட்டில் பிளாஸ்டிக் வாசம்.
சுவரில் எழுதியிருந்த எச்சரிக்கை
எங்கள் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து
'கெடுக்கும்' மட்டும் மிச்சம்.
எதை என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

பின்கட்டில் கிளியம்மாள் போட்டி வறுக்கிறாள்.
வெளியே வந்து யாரிடமும் பேசியதில்லை.
சம்பங்கிக்கு வயிற்றில் புண் என்று
எப்படியோ அவளுக்குத் தெரியும்.
அவன் தட்டுக்கு மட்டும் மிளகாய் கிடையாது.
ஆறு வருஷமாகத் திட்டிக்கினு கீறான்,
'காரமே இல்ல, இன்னா சமையல் இது' என்று.
நாங்கள் ஆமாம் போடுகிறோம், மூக்கு ஒழுக ஒழுக.

நான் தோல் ஷெட்டில் டிரம் ஓட்டுகிறவன்.
மூன்று முறை சோப்புப் போட்டாலும்
நகக்கண்ணில் நீலம் இருக்கும், வாசம் இருக்கும்.
பஸ்ஸில் என் பக்கத்து சீட்
வாலாஜா வரை காலியாகவே போகும்.
கட்டிக்கொள்ளும்போது என் மகள் மூச்சை அடக்குவாள்.
எனக்குத் தெரியும் என்பது
அவளுக்குத் தெரியாது.
இங்கே யார் கையும் மூக்குக்குப் போவதில்லை.

போனஸ் வந்த அன்று டில்லிபாபு
ஹைவே பாருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.
ஏசி. மெத்தை நாற்காலி.
பையன் நல்ல பையன்தான், சார் சார் என்றான்.
திரும்பிப் போகையில் மூலையில் நின்று
எதையோ புஸ்ஸென்று அடித்தான்.
மல்லிகை வாசம்.
டில்லிபாபு பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.
இன்னாடா என்றேன்.
'குளுருது' என்றான்.

தலையிடியில் ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன்.
கழுத்து ஒடிந்தது, தானாகத் திரும்பாது.
எழுந்து போகிறவன்
அடுத்த மேசைக்குத் திருப்பிவிட்டுப் போவான்.
ஆம்லெட் கொண்டுவரும் எத்திராஜ்
முழங்கையால் ஒரு தள்ளு தள்ளுவான்.
யாரும் போட்ட சட்டமில்லை.
எலெக்‌ஷன் சமயத்தில் ஒரு நாள் நாற்காலி தூக்கினார்கள்;
தூக்கினவன், முதலில் ஃபேனை
ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் அடித்தான்.

போன அக்கினி நட்சத்திரத்தில் ஒரு ஆள் வந்தான்.
இடித்துக்கொண்டான். குனிப்பா என்றோம். சிரிக்கவில்லை.
கையில் ஆஸ்பத்திரியின் பெரிய ஸ்கேன் கவர்.
குவார்ட்டர் வாங்கினான், மூடியைத் திருகவில்லை.
மேசை ஈரம் என்று கவரை
மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்,
தூங்கும் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி.
எந்த மேசையையும் துடைக்காத எத்திராஜ்
காய்ந்த துணி தேடி எடுத்துவந்து
இரண்டு தடவை துடைத்தான்.

ஃபேன் அவன் பக்கம் இருந்தது.
பத்து நிமிஷம். அரை மணி.
எங்கள் முறை வந்து போய்விட்டது.
சம்பங்கியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
பாட்டில் வியர்த்தது. நாங்கள் வியர்த்தோம்.
யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதே முக்கால் வேலூர் பஸ்ஸுக்கு அவன் எழுந்தான்.
பாட்டிலைத் தொடவில்லை.
வாசலில் சரியாகக் குனிந்து போனான்.

காலி நாற்காலிக்குக் கொஞ்ச நேரம் காற்று.
பிறகு சம்பங்கி போய்
ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினான்.
'இன்னிக்கும் காரமே இல்ல' என்றான்,
யாரையும் பார்க்காமல்.